விண்ணரசி பார்க்கத் தவறிய முகம்

தஞ்சாவூரில் ஸ்கேன் பார்த்து நோய் சொல்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று டாக்டர் விண்ணரசிக்கு ஓர் எண்ணம். அதை வெளியே சொன்னதில்லை. மற்றவர்களே சொல்லட்டும் என்று இருபது வருடமாகக் காத்திருந்தாள்.

குறுவை நடவின்போது அவள் அண்ணன் சிங்கராயர் வலங்கைமானில் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்திருந்தது. விண்ணரசி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுக் காற்றை எடுத்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்பும் இதேபோல் ஆனது. அப்போது எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு, "எல்லாம் பீடி பண்ற வேலை" என்று தீர்ப்புச் சொன்னவள் விண்ணரசிதான்.

"பீடிய விட்டு மூணு வருஷமாச்சு. இப்ப யார் மேல பழி போடப் போற?" என்றார் அண்ணன்.

விண்ணரசி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். புகை கெடுத்தால் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதிதான் சிதையும். இங்கோ மெல்லிய சுவருள்ள காற்றுப்பைகள் கீழ்ப்பகுதியில், இதயத்தை ஒட்டி, அவரைவிதை போல் கிடந்தன. புத்தகத்தில் மட்டுமே அவள் பார்த்திருந்த பரம்பரை நோய். நுரையீரலில் பைகள், முகத்தில் சிறு பருக்கள், சிலருக்குச் சிறுநீரகத்தில் கட்டி.

வார்டுக்கு ஓடி, அண்ணன் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இருந்தன. ஐந்து நிமிடம் பாடமே எடுத்தாள்.

பொறுமையாகக் கேட்ட அண்ணன், "சரிம்மா. அப்ப உன் மூக்குல இருக்கறது?" என்றார்.

பத்து வருடமாகக் க்ரீம் தடவிக்கொண்டிருந்த மூக்கை விண்ணரசி தொட்டுப் பார்த்தாள். பரம்பரை நோய் என்று முழங்கியவளுக்கு, அந்தப் பரம்பரையில் தானும் ஒருத்தி என்பது அதுவரை உறைக்கவே இல்லை.

மறுநாள் அவளே ஸ்கேன் மேஜையில் படுத்தாள்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க மேடம், அசையாதீங்க" என்றான் டெக்னீஷியன் ஹம்தான்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கேட்டு அவள் அசைந்துவிட்டாள். திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

நுரையீரலில் ஏழெட்டுப் பைகள். இடது சிறுநீரகத்தில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. அதைத் தன் கண்ணால் பார்த்தும் அவளால் ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. தன்னிடம் அடிக்கடி திட்டு வாங்கும் ஜூனியர் எழில்மொழியைக் கூப்பிட்டு, "நீ பார்த்துச் சொல்லும்மா" என்றாள்.

எழில்மொழி சரியாகவே சொன்னாள். கட்டியை மட்டும் வெட்டியெடுத்தார்கள், சிறுநீரகம் பிழைத்தது. மரபணுச் சோதனையும் இருவருக்கும் அதே நோயை உறுதிசெய்தது. அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை.

தையல் பிரித்ததும் சொந்தபந்தங்களுக்கெல்லாம் போன் போட்டு ஸ்கேனுக்கு வரச் சொன்னாள். மயிலாடுதுறையிலிருந்து சித்தப்பா மகள் ஜூலியட் முதலில் வந்தாள். முகமெல்லாம் பரு, நுரையீரலும் சிறுநீரகமும் சுத்தம்.

"வெறும் பருதான்னு நெனைக்கிறேன்" என்ற விண்ணரசி, எதற்கும் இருக்கட்டும் என்று தோல் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்.