உதட்டோரத்து வெள்ளைக் கட்டை

ஒரு முகத்தைப் பொம்மைக் கட்டைகளாக மாற்றுவதில் மந்திரம் எதுவும் இல்லை. புகைப்படத்தைச் சதுரமாக வெட்டி, குறுக்கே நாற்பத்தெட்டு, நெடுக்கே நாற்பத்தெட்டு என்று கட்டம் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்து, அதற்கு மிக அருகில் இருக்கும் நிறத்தில் ஒரு கட்டையை வைக்க வேண்டும். கட்டை என்றால் சுண்டுவிரல் நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு, அடித்தட்டில் அழுத்தினால் இறுகிக்கொள்ளும். கையில் இருப்பது ஐந்தே நிறம் என்பதால் எதுவும் சரியாகப் பொருந்தாது. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அந்த மிச்சத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. வலப்பக்கக் கட்டத்துக்கும் கீழ்க் கட்டத்துக்கும் தள்ளிவிட வேண்டும். இங்கே தேவைக்கு மேல் வெளுத்துவிட்டதா, பக்கத்தில் கொஞ்சம் கறுக்கட்டும். கிட்டே நின்று பார்த்தால் வெறும் புள்ளிகள். தெருவின் எதிர்ப்பக்கம் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முகம்.

இதெல்லாம் என் கணவன் எஸ்பென் எனக்குச் சொன்னது. எங்கள் ஊரான பில்லுண்டில் கட்டைகளுக்கு அச்சு செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். ஓய்வு நேரத்தில் தெருக்காரர்களின் முகங்களைக் கட்டையில் செய்து தருவான். பக்கத்து வீட்டு ப்ரெபெனுக்கு அறுபது வயதானபோது ப்ரெபென். எதிர்வீட்டு போதிலின் நாய் செத்தபோது நாய். மிச்சத்தைத் தள்ளும் கணக்கைக் கணினியில் எழுதியதும் அவன்தான்.

இப்போது எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டரை வருடம் நிறையப் போகிறது. இருபத்தைந்துக்கு வெள்ளிக் கல்யாணம். அதில் பாதி வந்தவர்களுக்குச் செம்புக் கல்யாணம்; வருகிற சனிக்கிழமை விடியலில் தெருவே எங்கள் வாசலில் வந்து பாடும். குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்த என்னை போதில் வேலியோரம் நிறுத்தினாள்.

"ஊருக்கெல்லாம் அவன் செஞ்சு குடுக்கிறான். அவனுக்கு யாரு செய்யறது? அந்தக் கணக்கு உனக்குத்தானே தெரியும், மெரெத்தே."

"என் கல்யாணத்துக்கு நானே பரிசு செய்யணுமா?"

"உனக்கு இல்லடி, அவனுக்கு. உன் மூஞ்சியும் கூட வருது, அவ்வளவுதான்."

மறுக்கக் காரணம் ஒன்று என் கோட்டுப் பையிலேயே இருந்தது. கோல்டிங் என்ற ஊரில் நான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் சாவி. அடுத்த ஒன்றாம் தேதி அங்கே தனியாகப் போகிறேன். அதை போதிலிடம் எப்படிச் சொல்வது? எஸ்பெனுக்கே இன்னும் தெரியாது.

சண்டை ஏதும் இல்லை. எஸ்பென் நல்லவன். பன்னிரண்டரை வருடமாக எனக்கு விளக்கிக்கொண்டே இருக்கிறான். மழை ஏன் சாய்வாக விழுகிறது, ரொட்டி ஏன் உப்பவில்லை, நான் ஏன் சோர்ந்திருக்கிறேன். அனேகமாக எல்லாம் சரியாகத்தான் இருக்கும். என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவனுக்கு எதுவும் மிச்சமில்லை.

சனிக்கிழமைக்கு முன் அவனிடம் சொல்லியாக வேண்டும். தெருவே வந்து வாசலில் பாடிவிட்டுப் போன பிறகு சொன்னால், அத்தனை பேரையும் நான் கேலி செய்ததாகும். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் தொடங்கினேன்.

"எஸ்பென், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினான். "சொல்லாதே."

"இல்ல, கேளு."

"எனக்குத் தெரியும், மெரெத்தே. ப்ரெபென் கராஜ்ல தினமும் விளக்கு எரியுது. நடக்கப் போறேன்னு கிளம்பற, திரும்பி வந்தா ஷூவுல மண்ணே இல்ல. நான் என்ன முட்டாளா? சனிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே. பாவம், அவங்க ஆசையைக் கெடுக்காதே."

"இது அது இல்ல."

"அது இல்லன்னுதான் சொல்லுவே. சொல்லணும்." சிரித்துக்கொண்டே உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினான்.

வியாழக்கிழமை மறுபடியும் முயன்றேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முனகிப் பாட ஆரம்பித்துவிட்டான்.

ஆகவே ப்ரெபெனின் கராஜில் உட்கார்ந்து என் கல்யாணத்தை வரிசை வரிசையாக அடுக்கினேன். போதில் நிறம் பிரித்து ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டுக் கொடுத்தாள். வெள்ளை, வெளிர் சாம்பல், அடர் சாம்பல், கறுப்பு. ஐந்தாவது நிறம் ப்ரெபெனின் பரணிலிருந்து வந்தது. அவன் சின்னப் பையனாக இருந்தபோது விளையாடிய வெள்ளைக் கட்டைகள், வெயில் பட்டுப் பட்டு மஞ்சளித்துப்போனவை. கன்னத்துக்கு அவைதான் சரியாக இருந்தன. இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். தட்டில் கட்டை இறுகும் அந்தச் 'சடக்'கில் மனம் கொஞ்ச நேரம் வேறெதையும் நினைக்காது.

முடிந்ததும் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு மூவரும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றோம்.

"நீ சிரிக்கலையே," என்றாள் போதில்.

"பல்வலிக்காரி மாதிரி இருக்கே," என்றான் ப்ரெபென். "எஸ்பென் மட்டும் ஜம்முனு இருக்கான்."

"கணக்கு அப்படித்தான் சொல்லுது," என்றேன்.

"கணக்கைத் தூக்கிப் போடு. கல்யாணத்தன்னிக்கு சிரிச்சியா இல்லையா?"

கல்யாணப் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். தேவாலயப் படிக்கட்டு, காற்றில் எழும்பிய முக்காடு. என் உதடுகள் லேசாகத் திறந்திருந்தன. சிரிப்பா, ஏதோ சொல்ல வந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இந்த அளவில் ஒரு கண்ணுக்கு ஒரு கட்டைதான், வாய்க்கு மூன்று. தலைமுடியில் பத்துக் கட்டை தப்பினாலும் ஒருவருக்கும் தெரியாது. வாயில் ஒன்று மாறினால் ஆளே மாறிவிடும். உள்ளே போய், உதட்டோரத்து அடர் சாம்பலை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு வெள்ளையை அழுத்தினேன்.

தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து போதில் கை தட்டினாள். "இப்பத்தான் கல்யாணப் பொண்ணு."

சனிக்கிழமை விடியும்போது வாசலில் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சுத்தியல், அடக்கிய சிரிப்பு. கதவு நிலையைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டுகிறார்கள். வெள்ளிக்கு முழு வளைவு. செம்புக்குப் பாதி, ஒரு பக்கம் ஏறி நடுவில் நின்றுவிடும். அவர்கள் பாடத் தொடங்கும் வரை தூங்குவதுபோல் கிடப்பது எங்கள் வேலை. எஸ்பென் கூரையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

"பாதி வளைவு தானா நிக்காது," என்று கிசுகிசுத்தான். "மேலேர்ந்து கம்பியால இழுத்துக் கட்டினாத்தான் நிக்கும்."

"எஸ்பென், இப்பவாவது கேளு."

"ஷ். பாடப் போறாங்க."

பாடினார்கள். இரவு உடுப்போடு கிளைகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். ப்ரெபென் அக்கார்டியன் வாசித்தான். பாட்டு போதில் எழுதியது. எல்லார் கையிலும் தாள். ஒரு கூடையில் சூடான ரொட்டி, தட்டில் கசப்பு மது. நாலாவது சரணத்தில் கட்டைப் படத்தை மூடியிருந்த போர்வையை இழுத்தார்கள்.

எஸ்பென் நேராகத் தெருவின் எதிர்ப்பக்கம் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. திரும்பி வந்து, மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, வரிசைகளின் மேல் விரலை ஓட்டினான். விரல் என் உதட்டோரத்தில் நின்றது.

"இது கணக்குல வந்தது இல்ல," என்றான் மெதுவாக. "இது வெள்ளைன்னா பக்கத்துக் கட்டை கறுத்திருக்கணும். கறுக்கல. யாரோ கையால வெச்சிருக்காங்க."

"நான்தான் வெச்சேன்."

"கணக்கு என்ன குடுத்துது?"

"அடர் சாம்பல்."

வெள்ளைக் கட்டையை நகத்தால் நெம்பி எடுத்தான். பிறகு படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"செவ்வாய்க்கிழமை நீ சொல்ல வந்தது இந்தப் படத்தைப் பத்தி இல்ல."

"இல்ல."

அதற்குள் ப்ரெபென் காபிக் கோப்பையில் கரண்டியால் தட்டத் தொடங்கிவிட்டான். போதில் தட்டினாள், தெருவே தட்டியது. கரண்டி தட்டினால் தம்பதி நாற்காலி மேல் ஏறி முத்தமிட வேண்டும், அதுவரை நிறுத்தமாட்டார்கள். யாரோ எங்கள் சமையலறை நாற்காலிகள் இரண்டைத் தூக்கிவந்து வளைவின் கீழே போட்டார்கள். ஏறினோம். கட்டையை வைத்திருந்த கையை எஸ்பென் மூடியே வைத்திருந்தான். கன்னத்தை என் கன்னத்தோடு ஒட்டினான்.

"போகப் போறே. எந்த ஊரு?"

"கோல்டிங்."

"எப்பலேர்ந்து?"

"ஒண்ணாம் தேதி."

கரண்டிகள் நிற்கவில்லை. "சீக்கிரம் குடுங்கப்பா, காபி ஆறுது," என்று ப்ரெபென் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

அவன் மூச்சை உள்ளே இழுத்தான். ஏதோ விளக்கப் போகிறான் என்று காத்திருந்தேன்.

"எனக்குப் புரியல, மெரெத்தே," என்றான். "இறங்கினதும் சொல்லு. குறுக்க பேச மாட்டேன்."

முத்தமிட்டோம். கரண்டிகள் ஓய்ந்தன. இறங்குவதற்கு நான் ஒரு காலை நீட்டினேன்.

"அங்கேயே நில்லுங்க," என்றாள் போதில், தாளைத் திருப்பிக்கொண்டே. "இன்னும் அஞ்சு சரணம் இருக்கு."