இரட்டை விழுந்த எழுத்து

வாசு பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, அந்த ஐம்பது காசை மேசையில் வைத்தார்.

"இது அச்சுல விழுந்த பிழை இல்ல லா, மார்க்கிரட். அடிக்கிறப்ப மிஷின் ஆடியிருக்கு, அவ்வளவுதான்."

மார்க்கிரட் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் கூடிவரவில்லை. நாணயச் சங்கத்தில் பழக்கமான வாசு, சனிக்கிழமை மாலைகளில் அவள் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கி ஒரு வருஷமிருக்கும். இருவரும் சில்லறையைக் கொட்டி ஒவ்வொரு காசாகப் பார்ப்பார்கள். அச்சிலேயே எழுத்து இரட்டையாகியிருந்தால் இரண்டும் உருண்டு மேடாக நிற்கும்; அந்தக் காசுக்கு நல்ல விலை. மிஷின் ஆட்டமென்றால் ஓரம் தட்டையாக நசுங்கியிருக்கும்; அது வெறும் சில்லறைதான். அவள் கண்ணுக்கு அந்தக் காசில் 'மலேசியா'வின் முதல் எழுத்து இரண்டாக, உருண்டுதான் தெரிந்தது. ஆனாலும் தன் கண்ணைவிட அவர் சொல்லை நம்புவது அவளுக்கு அன்று பிடித்திருந்தது.

"குடுங்க, செலவழிச்சிட்டு வரேன்" என்று வாசு எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் கச்சாங் பூத்தே பொட்டலம். "உங்க டபுள் காசுல வாங்கினது!" ஒரே பொட்டலத்தில் கைவிட்டு இருவரும் கடலை தின்றார்கள். அன்றிரவு அவள் அம்மா, வாசுவின் வீட்டாரைப் பற்றி முதல் தடவையாக விசாரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து கிள்ளானில் சங்கத்தின் கண்காட்சி. அலுவலக வேலையாக ஈப்போ போவதாக வாசு சொல்லியிருந்தார். மார்க்கிரட் தனியாக பஸ் ஏறிப் போனாள். நடுமேசைக் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். உள்ளே ஓர் ஐம்பது காசு, முதல் எழுத்து இரட்டையாக. பக்கத்து அட்டையில், கண்டெடுத்தவர் என்று வாசுவின் பெயர். பெட்டிக்குப் பின்னால் அவரே நின்றிருந்தார். கழுத்தில் டை.

அவளைப் பார்த்ததும் அவர் பெட்டியை விட்டு அவசரமாக வந்தார். ஓரமாக அழைத்துப் போனார்.

"நீங்க நினைக்கிறது இல்ல, மார்க்கிரட். ஒரு அச்சுல பிழை இருந்தா, அதுல அடிச்ச காசு எல்லாத்துலயும் வரும் லா. இது வேற காசு."

"வேறன்னே இருக்கட்டும்" என்றாள் அவள். தன் குரல் இவ்வளவு தாழ்ந்து வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை. "அதே அச்சுதான்னா, என்னுதும் நெசம்தானே? ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

யாரோ "பாஸ், போட்டோ!" என்று கூப்பிட்டார்கள். வாசு திரும்பிப் பார்த்தார், இவளையும் பார்த்தார், பிறகு டையைச் சரிசெய்துகொண்டு போனார். காசு போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பொட்டலத்தை நீட்டியபோது அவர் சிரித்த சிரிப்புதான் பஸ்ஸில் வழியெல்லாம் கூடவே வந்தது. எதற்காகச் சிரித்தார்?

அடுத்த சனிக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு கேட் சங்கிலி ஆடியது.

"மார்க்கிரட்... ஒரு நிமிஷம் பேசணும்."

அம்மா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாசு வந்திருக்காரு, தெரியலையா?"

மார்க்கிரட் அடுப்பருகே நின்றிருந்தாள். கைப்பழக்கத்தில் அவருக்கும் சேர்த்துத்தான் தேயிலைக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். அது தளதளவென்று கொதித்து, மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது.