ஒரே காலையில் இரண்டு தேர்வு

பள்ளி இறுதித் தேர்வுக்கான கால அட்டவணை வந்த அன்று என் மகள் சாப்பிடவில்லை. பதினான்காம் தேதி, காலை பத்து மணி, இயற்பியல். அதே தேதி, அதே பத்து மணி, இசை. இரண்டுமே அவள் எடுத்த பாடங்கள். இரண்டையும் சேர்த்து யார் எடுக்கப்போகிறார்கள் என்று தேர்வு வாரியத்தில் யாரோ முடிவு கட்டி ஒரு நாளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஒன்றை எழுதாவிட்டாலும் அவளுக்கு ஒரு வருடம் போச்சு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பஸ் பணிமனையில் என் பெயரே 'ஹாரன்'தான். "நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வர்றேன்" என்று சட்டையை மாட்டினேன்.

"கூட வாங்கப்பா. ஆனா வாயைத் திறக்கக் கூடாது," என்றாள்.

வாரிய அலுவலகத்தில் தேர்வு அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஒருத்திக்காக அட்டவணையை மாத்த முடியாதும்மா. இசையை விட்டுடு. அதுல என்ன இருக்கு?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மகள் என் காலை மிதித்தாள்.

"மாத்த வேண்டாம் சார். காலையில இயற்பியல் எழுதறேன். மத்தியானம் இசை. நடுவுல என்னை ஒரு ரூம்ல தனியா உட்கார வைங்க. காலையில இசை எழுதினவங்க யாரையும் நான் பார்க்கலைன்னா கேள்வி எப்படி சார் எனக்குத் தெரியும்?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில், "எழுதிக் கொடுத்துட்டுப் போ," என்றார். பத்து நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பதினோராம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது.

பதினான்காம் தேதி ஒரு மணிக்குப் பிள்ளைகள் கூச்சலோடு வெளியே வந்தார்கள். என் மகள் வரவில்லை. நான் கொண்டுபோன சாப்பாட்டு டப்பாவைக் கண்காணிப்பாளர் அம்மா என் கண் முன்னாலேயே கரண்டியால் கிளறினார், துண்டுச்சீட்டு இருக்கிறதா என்று. வேறொரு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அன்று, "அடியிலயும் நல்லாப் பாருங்கம்மா," என்றேன். என் பெண் மீது நாளைக்கு ஒருத்தர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.

இரண்டு மணிக்குக் கட்டடமே காலி. உள்ளே ஒரு மேசை, ஒரு கேள்வித்தாள், ஒரே ஒரு பெண்.

"ஒரு பிள்ளைதானே, மணி எதுக்கு? ஆரம்பிக்கச் சொல்லி வாயாலயே சொல்லிடுங்களேன்," என்று இழுத்தார் காவலாளி.

"ஒருத்தின்னாலும் தேர்வு தேர்வுதான். மணியை அடிங்க," என்றார் அந்த அம்மா.

அடித்தார். ஆயிரம் பேருக்கு அடிக்கிற அதே மணி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு மறுபடியும் அடித்தது. எதிரே ஜெராக்ஸ் கடைக்காரர் தலையை நீட்டினார். "பிள்ளைங்க எல்லாம் அப்பவே போயாச்சே. இப்ப யாருக்குங்க மணி?"

மகள் விரலெல்லாம் மையோடு வாசலுக்கு வந்தாள். "ரெண்டையும் எழுதிட்டேன்ப்பா."

நான் கடைக்காரருக்கு மகளைக் கைகாட்டினேன்.

"இவளுக்கு."