ஒன்பது அம்மாக்களின் வலது கால்

என் கணவர் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பிரிண்ட் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே சரிங்க. நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். நிற்காது, ஏறாதீர்கள், இறங்குங்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிப் பிழைப்பவள். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தவர்கள் நல்ல தமாஷ் பேர்வழிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் மகள் ஏழாம் வகுப்பு. இந்த முறை அவர்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். பிடித்த பத்துக் கவிதைகளைத் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏன் பிடித்தது என்று எழுத வேண்டும். கடைசியில் தானே எழுதிய கவிதை ஒன்றைச் சேர்த்து, அட்டை, முன்னுரையோடு ஒரு புத்தகமாகக் கொடுக்க வேண்டும். 'எனக்கே எனக்கான தொகுப்பு' என்று அதற்குப் பெயர். பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் என்றால் அது யாருக்கு ப்ராஜெக்ட் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். மறுநாளே கடை வாசலில் அப்பா அம்மாக்கள் வரிசை கட்டிவிட்டார்கள்.

என் மகள் மட்டும் டீச்சர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். நூலகத்திலிருந்து புத்தகங்களைச் சுமந்து வந்து சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் அடுக்கினாள். 'இது மழைக் கவிதை, ஆனால் கடைசி வரை மழையே பெய்யவில்லை, அதனால் பிடித்தது' என்று ஒரு காரணம். 'சின்னதாக இருக்கிறது, வேறு காரணம் இல்லை' என்று இன்னொன்று. சொந்தக் கவிதை இருந்த பக்கத்தை மட்டும் நான் எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சப்புறம் பாரும்மா. புத்தகத்தை உனக்குத்தான் முதல்ல காட்டுவேன்."

எனக்கென்ன, காலை ஷிப்ட் முடித்து மதியம் வந்து விழுந்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறவள். சரி என்றேன்.

நடுவில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அச்சில் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக அந்தக் கவிதையை அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். அவர் சுற்றிலும் பூ பார்டர் போட்டு அடித்துக் காட்டியிருக்கிறார். பூ பிடிக்காமல் இவள் கையாலேயே எழுதிக்கொள்கிறேன் என்று போய்விட்டாள். பக்கம் கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் அவர் ஒரு மாதிரிப் புத்தகம் காட்டினார்: அட்டை இப்படி, முன்னுரை இப்படி, சொந்தக் கவிதை இந்த இடத்தில் என்று. மகளோடு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா, வக்கீலம்மாதான் முதலில் கேட்டது.

"எல்லாம் இருக்கட்டும். பேரை மட்டும் மாத்திக் குடுங்க."

"சரிங்க."

அடுத்து வந்தவர்களும் அப்படியே. பார்டரோடு கவிதையும் சேர்ந்துதான் வரும் என்று நினைத்துவிட்டார்கள். இவரோ, வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தாராம். படித்தவர்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மகள் கடைசி நாள் விடியும்வரை எழுதி, காட்டக்கூட நேரமில்லாமல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த வாரம் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

இரண்டு டிரிப்புக்கு நடுவில், யூனிபார்மோடு போனேன். ஆசிரியர் அறை சாலையைப் பார்த்த அறை. ஜன்னல் திறந்திருந்தது. மேசையின் ஒரு பக்கம் பளபளவென்று ஒன்பது புத்தகங்கள், மறுபக்கம் என் மகளின் கோணல் எழுத்துப் புத்தகம். மகள் ஓரமாக நின்றாள். கணவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. டீச்சர் என் மகளின் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார்.

தூங்கும்போதும் அம்மாவின் வலது கால்
பிரேக்கை மிதிக்கிறது.
கனவில் யாரோ குறுக்கே ஓடுகிறார்கள்.
யாராக இருந்தாலும்
பத்திரமாகக் கடந்து போகட்டும்.
அம்மாவை எழுப்பிவிட வேண்டாம்.

நான் குனிந்து என் வலது காலைப் பார்த்தேன். அது டீச்சருக்கு வேறு மாதிரி பட்டிருக்க வேண்டும்.

"இதே கவிதை இந்த ஒன்பதுலயும் இருக்கு," என்றார். "யாரோ ஒருத்தர்தான் எழுதியிருக்கணும். யாருன்னு கண்டுபிடிக்க எல்லாரையும் விளக்கம் கேட்டேன். வக்கீல் பொண்ணு, வலது கால்ங்கறது பெண்கள் மேல சமுதாயம் போடுற தடைன்னு அஞ்சு நிமிஷம் பேசினா. உங்க பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? அம்மா பஸ் ஓட்டுறாங்க, அதான்னா. அவ்வளவுதானான்னு கேட்டேன். அவ்வளவுதான்னா."

"அவ்வளவுதான் டீச்சர்," என்றாள் மகள்.

டீச்சர் கெட்டவர் இல்லை. இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க. தூக்கத்துல நிஜமாவே பிரேக் போடுவீங்களா?"

மகள் என்னையே பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

"தெரியலைங்க. நான் தூங்கிக்கிட்டு இருப்பேன்."

டீச்சர் பெருமூச்சு விட்டார். "அந்தப் பக்கத்தை எடுத்துட்டு, மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதட்டும். மார்க்ல கை வைக்க மாட்டேன்."

"சரிங்க," என்றார் என் கணவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாற்காலியோடு அவரை ஜன்னல் வழியே தூக்கிப் போட்டிருப்பேன். மகள் அழவில்லை. அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அதைவிட அழுதிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து வெளியே சாலையில் ஒரு லாரி கிறீச்சென்று கத்தியது. கூடவே மேசைக்கு அடியில் படாரென்று ஒரு சத்தம். டீச்சர் துள்ளி எழுந்து குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பிளாஸ்டிக் குப்பைக்கூடை நசுங்கி, அதற்குள் என் வலது கால் சிக்கியிருந்தது. அழுத்துவதைக் கால் இன்னும் நிறுத்தவில்லை.

என் கணவர் எழுந்து நின்றார்.

"இல்லீங்க," என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

"அது பாப்பா எழுதினது. அந்த ஒன்பதும் என் கடையில இருந்துதான் போச்சு. கேட்டாங்க, நான் குடுத்துட்டேன். இவ மிதிச்சு மிதிச்சுக் கட்டில் கால்மாட்டுப் பலகை ரெண்டு தடவை உடைஞ்சிருக்கு, நான்தான் ஆணி அடிச்சேன். சொன்னா அப்புறம் தூங்க மாட்டாளேன்னு சொல்லல."

டீச்சர் என் மகளிடம் மன்னிப்புக் கேட்டார். பெரிய மனசுதான். அந்தக் கவிதையை வகுப்புச் சுவரில் ஒட்டப் போவதாகவும் சொன்னார். "ஆனா எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கு. அப்பா கடையில அந்தப் பூ பார்டரோட ஒரு பிரிண்ட் எடுத்துட்டு வந்துடு."

வெளியே வந்ததும்தான் மகள் அழுதாள்.

"உனக்குத்தான் முதல்ல காட்டணும்னு வெச்சிருந்தேன்மா."

அவள் அப்பா, ஒன்பது பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் வீட்டார், டீச்சர் என்று எல்லோரும் படித்து முடித்த பிறகு கடைசி ஆளாக என் கைக்கு வந்த கவிதை அது. எனக்கும் அழுகை வந்தது. பிடித்திருக்கிறது என்று சொன்னேன். ஏன் பிடித்தது என்று காரணம் கேட்டாள், ப்ராஜெக்ட் புத்தி. யோசித்துவிட்டு, "எழுப்ப வேண்டாம்னு சொன்னியே, அதுக்காக," என்றேன்.

மறுநாள் மாலை கடையில் மறுபடியும் கூட்டம். ஒன்பது பேரும் புதுக் கவிதை எழுதித் தர வேண்டுமாம். வக்கீலம்மாதான் முன்னால் நின்றார்.

"இந்தத் தடவை அப்பாவைப் பத்தி இருந்தா நல்லா இருக்கும். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

"இல்லீங்க," என்றார் என் கணவர். ஒரு நாள் பழக்கம்தான், குரல் நடுங்கியது. வக்கீலம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு போன் பேசிக்கொண்டே காருக்குப் போனார். அவர் மகள் மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் தயங்கி நின்றது.

"நான் என்ன எழுதறது?" என்று என் மகளைக் கேட்டது.

"உங்க அம்மா தூங்கும்போது போய்ப் பாரு."

அடுத்த நாள் அந்தப் பெண் தனியாக வந்தது.

"பார்த்தியா?"

"பார்த்தேன். அம்மா தூங்கல. கண்ணை மூடிக்கிட்டு சும்மா படுத்திருந்தாங்க. நான் கிட்டப் போனதும் கண்ணைத் திறக்காமலே, நாளைக்கு எத்தனை மணிக்குக் கேஸுன்னு கேட்டாங்க. நான் ஆபீஸ் ஆளுன்னு நினைச்சுட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"பத்து மணிக்குன்னு சொன்னேன். அப்புறம்தான் தூங்கினாங்க."

வக்கீலம்மா மேல் எனக்கு இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. என் மகள் பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி அந்தப் பெண் முன்னால் வைத்து, பேனாவையும் கொடுத்தாள்.

"பார்டர் ஏதாவது..." என்று ஆரம்பித்தார் என் கணவர்.

இரண்டு பேரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள்.

"சரிங்க," என்றார்.