ஒரு தட்டு, ஏழாயிரத்து எண்ணூறு கலோரி

றுமானாவின் கோழிப் புரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொன்னவர் காத்தான்குடியில் இன்னும் பிறக்கவில்லை. கூகுளுக்கு மட்டும் இது தெரியவில்லை. மூன்று வருடமாக இணையத்தளம் நடத்தி, நூற்றுப்பத்துச் சமையல் குறிப்பு எழுதியும், தேடினால் அவள் பெயர் ஏழாம் பக்கத்தில் படம்கூட இல்லாமல் பதுங்கிக் கிடந்தது. முதல் பக்கத்தில் யாரோ ஒரு மகராசி, புரியாணிக்குத் தக்காளி சோஸ் ஊற்றுகிறவள், படமும் நட்சத்திரமும் சமைக்கும் நேரமுமாகப் பளபளத்துக்கொண்டிருந்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டோஹாவில் இருக்கும் கணவனின் தங்கை நிஸ்றா குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"மச்சி, உங்கட புரியாணியத் தேடினன். சோஸ் ஊத்துறவதான் வாறா. நீங்க எங்ககா ஒளிச்சிரிக்கீங்க?"

கூடவே எட்டுச் சிரிப்பு முகம். எட்டையும் றுமானா எண்ணினாள். நோன்புக்கு முன்னால் தன் பெயர் முதல் பக்கத்துக்கு வந்தே தீரவேண்டும் என்று அன்றே முடிவெடுத்தாள்.

தளத்தை வடிவமைத்துக் கொடுத்த வந்தாறுமூலை நிலோஜனுக்கு அழைப்பெடுத்தாள்.

"அக்கா, நீங்க எழுதினது மனிசர் வாசிக்கிறதுக்கு," என்றான் அவன். "கூகுளுக்கு இது நேரம், இது சாமான், இது அளவு எண்டு பெட்டி பெட்டியாப் பிரிச்சுக் குடுக்கணும். தளத்துக்குள்ள அந்தப் பெட்டியளச் சேர்த்து விடுறன். நீங்க நிரப்புங்க."

அரசாங்கக் கச்சேரியில் காணி அனுமதிப்பத்திரத்துக்குக்கூட இவ்வளவு பெட்டி இருந்ததில்லை. சமைக்கும் நேரம் என்ற இடத்தில் 'நெய் மேலே வரும்வரை' என்று எழுதினாள். பெட்டி சிவந்தது. நிமிடத்தில் சொல்லவேண்டுமாம். உப்புக்கு 'தேவையான அளவு' என்றாள். அதுவும் சிவந்தது. முப்பது வருடம் கையால் அள்ளிப் போட்டவளிடம் கிராம் கேட்கிற துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. இந்தப் பெட்டிக்கு வந்தது.

கடைசிப் பெட்டி, எத்தனை தட்டு என்று கேட்டது. ஒரு கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ கோழி. இதற்கென்ன யோசனை? 1 என்று போட்டாள். பெட்டி உடனே பச்சையானது. இயந்திரத்துக்கும் கொஞ்சம் சமையல் தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டாள்.

மூன்றாவது கிழமை நிஸ்றா ஒரு படம் அனுப்பினாள். கூகுளின் முதல் பக்கம், முதல் இடம். புரியாணிப் படம். பக்கத்தில் றுமானாவின் பெயர். அதன் கீழே: '1 ஆளுக்கு. 7,800 கலோரி.'

அந்தப் படத்தைப் பதினோராயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். 'இது சாப்பாடா, தண்டனையா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். உடம்பு மெலியவைக்கும் பக்கமொன்று எச்சரிக்கைப் படமாகப் போட்டிருந்தது. நிஸ்றா இந்த முறை இருபது சிரிப்பு முகம் போட்டிருந்தாள். ஆசைப்பட்ட பெயர் வந்துவிட்டது. சந்தி சிரிக்க வந்துவிட்டது. றுமானா நிலோஜனுக்கு மறுபடி அழைப்பெடுத்தாள்.

"தம்பி, உங்கட பெட்டி என்ட மானத்த வாங்கிட்டு!"

நிலோஜன் பக்கத்தைத் திறந்து பார்த்தான். "சாமான் அளவால வாற மொத்தக் கலோரியத் தட்டுக் கணக்கால தளமே பிரிக்கிது அக்கா. நீங்க ஒரு தட்டு எண்டு போட்டிரிக்கீங்க."

"ஓம், ஒரு தட்டுத்தானே."

"ஒரு தட்டில எத்தின பேர்?"

"இதென்ன கேள்வி? ஆறு பேர்."

அவளுடைய ஊரில் கல்யாணமோ, இறந்தவருக்காக ஓதும் கத்தமோ, பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஸஹன் என்பார்கள். நிலோஜனும் எத்தனையோ கல்யாணத்தில் அப்படி இருந்து வயிறு முட்டச் சாப்பிட்டவன்தான். பெட்டி செய்யும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"பெட்டியில ஒரு தட்டெண்டா ஒரு ஆள் அக்கா."

"ஒரு தட்டில தனிய இருந்தா திங்கிற?" என்றாள் றுமானா. கூகுள்மேல் அவளுக்கு உண்மையிலேயே இரக்கம் வந்தது.

"இப்பவே ஆறெண்டு மாத்துறன். ஆனா, சனம் சிரிக்கத்தான் வருகுது. மாத்தினாத் திரும்பக் கீழ போனாலும் போகும்."

ஏழாம் பக்கம் றுமானாவின் கண்ணுக்குள் வந்து போனது. "போனாப் போகட்டும். மாத்துங்க."

"பொறுங்க, ஆரோ அஞ்சு நட்சத்திரம் போட்டிரிக்காங்க," என்று நிலோஜன் வாசித்தான். கனடாவிலிருந்து கஜானி என்றொருத்தி எழுதியிருந்தாள். 'வந்து ரெண்டு வருசம், தனியத்தான் இருக்கிறன். ஒரு ஆளுக்கெண்டு போட்டிருந்துது, நம்பி ஆக்கினன். சட்டி நிறைஞ்சு போச்சு. என்ன செய்யிறதெண்டு தெரியாமப் பக்கத்துக் கதவுகளத் தட்டினன். ரெண்டு வருசத்தில இதுதான் முதல் தரம். அஞ்சு பேர் வந்தாங்க. ஒரு சோறும் மிஞ்சல்ல.'

வாசித்து முடித்த நிலோஜன் மறுபடி தட்டுப் பெட்டிக்கு வந்தான்.

"மாத்தவா அக்கா?"

"மத்த ஆக்களுக்கு ஆறெண்டு மாத்துங்க தம்பி. அந்தப் புள்ளைக்கு மட்டும் ஒண்டெண்டே காட்டேலாதா?"

நிலோஜன் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தான். அப்படியொரு பெட்டி கூகுளிடம் இல்லை.