சாய்ந்த வரிகளுக்குக் காரணம்

மறுபடியும் அந்தப் பட்டியல் வந்து நின்றது. திரையில் சாய்வெழுத்தில் ஒரு வரி, பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். தட்டினால் நான்கு விடைகள்: அழுத்தம், பிறமொழிச் சொல், நூற்பெயர், நினைப்பு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த வரிக்கு விடும். மெய்ப்பு சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

பதிப்பகத்தில் பிழை திருத்தச் சேர்ந்து இருபத்தாறு வருடம். மெய்ப்புப் பார்த்துப் பார்த்து மனுஷனுக்கு அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. இப்போது பழைய புத்தகங்கள் முன்னூற்று நாற்பதையும் மின்னூலாக்கும் வேலையைத் தூக்கி அவர் தலையில் கட்டியிருந்தார்கள். துணைக்கு ஒரு பெண். எதற்கும் சுருக்குவழி வைத்திருப்பாள் என்பதால் அவளை எல்லோரும் 'சுருக்கு' என்றே கூப்பிட்டார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

மின்னூலில் எழுத்துக்கு அடையாளம் போட இரண்டு வழி இருந்தது. முதல் வழி, பார்வைக்கு எப்படி இருக்கிறதோ அதை மட்டும் குறிப்பது: இது தடித்தது, இது சாய்ந்தது, வேலை முடிந்தது. இரண்டாவது வழி, அது ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறிப்பது. அப்படிக் குறித்தால், பார்வையில்லாதவர்களுக்குப் படித்துக் காட்டும் இயந்திரம் அந்தந்த இடத்தில் குரலை மாற்றிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு வரியையும் ஒரு ஆள் உட்கார்ந்து படித்தாக வேண்டும். முன்னூற்று நாற்பது புத்தகம் என்று நினைத்தாலே அவருக்குக் கண்ணைக் கட்டியது.

"சாய்ஞ்சிருந்தா சாய்ஞ்சிருக்குன்னு போட்டுட்டுப் போயிடலாம் சார். ஏன் சாய்ஞ்சேன்னு அதுக்கிட்ட விசாரணை வேற வைக்கணுமா?" என்றாள் சுருக்கு. அவருக்கும் அதே எண்ணம்தான். திங்கட்கிழமை முதலாளி வந்து குண்டைத் தூக்கிப் போடாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"ஒரு புத்தகத்தை ரெண்டு விதமாவும் செஞ்சு பாருங்க. எந்த வழின்னு வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடலாம். உங்க அக்கா புத்தகம் இருக்குல்ல, அதையே எடுங்க. உங்களுக்குத்தான் மனப்பாடமா இருக்குமே."

அவர் தலையாட்டினார். தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் புத்தகத்தை அவர் படித்ததே இல்லை.

படுக்கையில் விழுந்த அம்மாவை மூன்று வருடம் தனியாகப் பார்த்துக்கொண்டதை அக்கா எழுதியிருந்தாள். நூற்று நாற்பது பக்கம். ஆறு வருடம் முன்னால் இதே பதிப்பகத்தில்தான் வந்தது. சொந்தக்காரர் எழுத்தில் கண் ஏமாந்துவிடும் என்று ஒரு நியாயம் சொல்லி, மெய்ப்பை வேறொருவரிடம் தள்ளிவிட்டார். புத்தகம் வந்ததும் பதினோரு பக்கம் புரட்டினார். அந்த மூன்று வருடத்தில் அவர் அம்மாவைப் பார்க்கப் போனது நான்கே தடவை. மேலே படிக்கப் பயமாக இருந்தது. "படிச்சேன்க்கா, ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று போனில் சொன்னார். அக்கா "அப்படியா" என்றாள். அதோடு சரி.

முதல் வழிக்கு இருபது நிமிடம் ஆனது. இருநூற்றுப் பதினான்கு சாய்வுகள், சுருக்கு ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். இரண்டாவது வழியில் இந்த மனுஷன் வியாழக்கிழமை மதியம் வரை இருபத்துமூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அங்கே அக்கா அம்மாவுக்குத் துணி மாற்றுகிறாள். 'கையைக் கொஞ்சம் தூக்குங்கம்மா என்றேன்' என்பது நேரான எழுத்தில். அடுத்த வரி சாய்வில்: 'இதோட முடிஞ்சிடக் கூடாதா.' அதற்கடுத்து மறுபடி நேராக, 'அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.'

சொன்னாளா, நினைத்தாளா? நினைத்தது என்றால் அம்மா ஏன் திரும்பினாள்? வாய்விட்டே சொல்லிவிட்டாள் என்றால் அதைத் தம்பி எந்தக் கட்டத்தில் போடுவான்? அக்காவிடம் கேட்கலாம். ஆனால் படித்தவன் என்றால் இதை ஆறு வருடம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் குட்டு உடையும். அரைமணி நேரம் போனைக் கையில் வைத்திருந்துவிட்டுக் கடைசியில் கூப்பிட்டார்.

"ஆபீஸ் வேலைதான்க்கா. உன் புக்குல சாய்ஞ்ச எழுத்துல வர்ற வரியெல்லாம் நீ சொன்னதா, நினைச்சதா?"

எதிர்முனையில் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கத்துல இருக்க?"

"இருபத்தி மூணு."

"ஆறு வருஷத்துல இருபத்தி மூணு பக்கம். பரவால்ல, வேகமாத்தான் படிக்கிற."

மன்னிச்சிடு என்பது வாய் வரைக்கும் வந்தது. "வேலை ஜாஸ்தி..." என்று மென்று முழுங்கினார்.

"அன்னைக்கே தெரியும்டா. படிச்சிருந்தா சண்டைக்கு வந்திருப்ப. இல்ல, ஒரு மாசம் பேசாம இருந்திருப்ப. நல்லா வந்திருக்குன்னியே, அதுலயே தெரிஞ்சுபோச்சு." குரலில் கோபம் இல்லை. கோபப்படக்கூட அலுத்துப்போன குரல். "தொண்ணூத்தி ஒண்ணாம் பக்கம் வரைக்கும் போ. அங்க உங்கிட்ட பேசுறது ஒண்ணு இருக்கு. நான் சொன்னேனா, நினைச்சேனான்னு நீயே சொல்லு." வைத்துவிட்டாள்.

எந்தக் கட்டத்தையும் தொடாமல், வேலையாக இல்லாமல், முதல்முறையாக அவர் அந்தப் புத்தகத்தைப் படித்தார். தொண்ணூற்று ஒன்றுக்கு வரும்போது மணி நாலரை.

'வரணுமாக்கா என்று கேட்டான் தம்பி. ஒண்ணும் அவசரமில்ல, வேலையை முடிச்சிட்டு மெதுவா வா என்றேன்.' பிறகு சாய்வில், 'இப்பவே கிளம்பி வாடா. தனியா பயமா இருக்கு.' பிறகு நேராக, 'சரிக்கா என்றான்.'

வெளியே தெரிகிற இதே வராந்தாவில், அக்குளில் ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றுதான் அன்று அவர் பேசினார். 'மெதுவா வா' என்றதற்குப் பிறகு அக்கா போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. அவள் சொல்லவில்லைதான். ஆனால் அவருக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. அதனால்தான் அவ்வளவு அவசரமாகச் 'சரிக்கா' என்று சொல்லி முடித்தார். நான்கு நாள் கழித்து அவர் போனபோது அம்மா இல்லை. இத்தனை வருடமும், அவசரமில்லை என்றுதானே அக்கா சொன்னாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறார்.

பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக வந்தாள் சுருக்கு. "நாளைக்கு முதலாளி கேப்பாரு சார். சாய்வுன்னே வெச்சுக்கலாமா?"

"நீ செஞ்சதுல இந்தப் பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லு."

அவள் ஓடவிட்டாள். இயந்திரத்துக்கு எல்லாம் ஒரே குரல். மெதுவா வா என்றேன். இப்பவே கிளம்பி வாடா. தனியா பயமா இருக்கு. சரிக்கா என்றான். கேட்பவர்களுக்கு, அக்கா கெஞ்சியது போலவும் தம்பி வருவதாகச் சொன்னது போலவும்தான் இருக்கும். நினைப்பு என்று போட்டாலோ, தம்பிக்கு அது கேட்கவே இல்லை என்றாகிவிடும்.

"இந்தப் பட்டியல்ல அஞ்சாவதா ஒண்ணு சேர்க்க முடியுமா?"

சுருக்கு பையோடு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அப்ப முன்னூத்தி நாப்பதும் இந்த வழியிலயா சார்?" அவரைப் பார்த்துவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் நான்கு விடைகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரியைத் திறந்தாள். "என்ன பேரு போடட்டும்?"

"இன்னொரு தடவ படிக்கச் சொல்லு."

மெதுவா வா என்றேன், என்றது இயந்திரம். இப்பவே கிளம்பி வாடா. தனியா பயமா இருக்கு. அவர் கையை நீட்டி அங்கேயே நிறுத்தினார். பேசி முடித்த வரிகள் நீலமாகியிருந்தன. 'சரிக்கா' மட்டும் இன்னும் கறுப்பாக, தன் முறைக்குக் காத்து நின்றது. பக்கத்தில் ஐந்தாவது கட்டம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது.