தோற்றுப்போன நீர்நாயின் நடை

உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி ஒட்டிய கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, ரூபினி காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு நீர்நாய்க்காக ஓடிக்கொண்டிருந்தாள். சுற்றியிருக்கும் கேமராக்கள் அந்தப் புள்ளிகளைப் பிடிக்க, அவள் ஓடினால் திரையில் நீர்நாய் ஓடும். அவள் தாண்டினால் அது தடையைத் தாண்டும். குண்டு வயிறு, துருத்திய பல், பெயர் புப்பு. எட்டு பொம்மை மிருகங்கள் விளையாட்டுப் போட்டியில் மோதிக்கொள்ளும் வீடியோ கேம். ஊருலகத்துப் பிள்ளைகள் சோபாவில் சாய்ந்தபடி பட்டனைத் தட்டுவதற்காக, பினாங்கின் ஜார்ஜ் டவுனில் முப்பத்தாறு வயதுக்காரி ஒருத்தி மூச்சு வாங்க வேண்டும். இப்படியும் ஒரு பிழைப்பு.

ஆனாலும் அந்த வேலையை விட்டுவிட அவள் தயாரில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் தடை ஓட்டத்தில் பினாங்குக்காக ஓடியவள், பிறகு புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பதினான்கு வருடம் நின்றே வேலை பார்த்தாள். இந்த மாதக் கடைசியில் இந்த வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்களா, அனுப்பிவிடப் போகிறார்களா என்று தெரிந்துவிடும். அனுப்பினால் மறுபடியும் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டியதுதான். இனி அப்படி நிற்க முடியாது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

காரணம் வலது முட்டி. கெடுத்துக்கொண்டதும் அவளேதான். வேலை நிலைத்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவள், நிலைக்கும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? முருகனை முந்திக்கொண்டு இந்த வருடமே எடுத்துவிட்டாள். தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஐந்நூறு சொச்சம் படி, வெறுங்கால், தலையில் குடம். இறங்கி வரும்போது முட்டி பந்தாக வீங்கியிருந்தது. ஓடிய காலத்துக் காயம் வேறு ஏற்கெனவே அங்கே இருந்தது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். முருகன்மேல் அவளுக்கு நல்ல கோபம். காரியம் ஆக வேண்டியிருந்ததால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தினமும் கழிவறையில் முட்டியை இறுக்கிக் கட்டி, மேலே உடுப்பை இழுத்து மூடிக்கொண்டு ஓடினாள். அன்று மத்தியானம் இருபத்தேழாவது தாண்டல் முடிந்ததும், படப்பிடிப்பை நடத்தும் ஹாரிஸ் கையைத் தூக்கினான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைத் தமிழ்ப் பையன், அவளைவிடப் பத்து வயது இளையவன். நிறுத்தச் சொல்கிறான் என்று நினைத்து அவள் நாற்காலியைப் பார்த்து நடந்தாள். அவனோ வாசலில் வந்தவருக்குக் கை காட்டியிருந்தான். கேமராக்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

சிரிப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். பெரிய திரையில் புப்பு வயிறு குலுங்க நொண்டிக்கொண்டு போனது. முடிந்தது கதை என்று நினைத்தாள்.

அவள் வேண்டுமென்றே செய்து காட்டியதாகத்தான் ஹாரிஸ் நினைத்தான். அந்தப் படத்துண்டை வெளிநாட்டு முதலாளிகளுக்கு அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. தோற்றுப்போனால் புப்பு எப்படி நடக்கும் என்று இத்தனை நாள் யாருக்கும் பிடிபடவில்லையாம். இதுதான் வேண்டுமாம், இன்னும் சுத்தமாக எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

அவள் நடித்துக் காட்டினாள். காலை இழுத்தாள், தோளைத் தொங்கப்போட்டாள். ஏழு தடவை செய்தும் ஹாரிஸ் உதட்டைப் பிதுக்கினான்.

"பொய்யா இருக்குலா அக்கா. அப்ப செஞ்ச மாதிரி வரல."

உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அடிபட்ட ஆளை இங்கே ஒருநாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு கழிவறைக்குப் போனாள். முட்டிக் கட்டை அவிழ்த்துக் கைப்பையில் திணித்தாள். திரும்பி வந்து, எதையும் நடிக்காமல், சும்மா நடந்தாள்.

கூடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள்.

"இதுதான் அக்கா நடிப்பு," என்றான் ஹாரிஸ். "மாசக் கடைசி வரைக்கும் என்னாத்துக்கு, ஒங்க வேலய பத்தி நாளைக்கே நான் பேசிடுறேன். இன்னும் பத்து தடவ போலாமா?"

"போலாம்," என்றாள்.

சேர்ந்த ஏழு மாதத்தில் அன்றுதான் அவள் வலியை மறைக்காமல் நடந்தாள். பத்துத் தடவையும் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.